தட்டில் இரண்டு பாக்கு

இந்த ஊரில் ஆட்களின் முகம் எனக்கு மறந்துபோகும், வாய் மறக்காது. பிங்துங்கின் பாக்குத் தோப்புகளுக்கு நடுவில் இத்தனை காலமாகப் பல் பார்க்கிறவளுக்கு வேறென்ன கதி? தெருவுக்கு ஒரு பாக்குக் கடை, லாரி ஓட்டுகிறவன் கன்னத்தில் எப்போதும் ஓர் உருண்டை. பாக்கு மெல்லுகிறவர்களும் புகை பிடிக்கிறவர்களும் வந்து வாயைக் காட்டினால் புற்று இருக்கிறதா என்று இலவசமாகப் பார்த்துச் சொல்கிறோம். ஆனால் வருகிறார்களா என்றால் இல்லை. பல் வலித்தால் ஓடி வருவார்கள். இது வலிக்காதே.

அன்றைக்கு சியோக் குவான் தன் மகனை முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். மகன் பெயர் யீ செங். மீன் ஏற்றும் லாரி ஓட்டுகிறவன். முப்பத்து மூன்று வயது ஆள், அம்மாவுக்குப் பின்னால் செருப்பைத் தேய்த்துக்கொண்டு நின்றான்.

"சூடா கஞ்சி குடிக்க முடியலைங்கறான் டாக்டரம்மா. வாயெல்லாம் எரியுதாம். சிகரெட்டை ஊதித் தள்ளினா எரியாம குளுகுளுன்னா இருக்கும்?" என்றாள்.

"ஆறு வருஷமா என் கண்ணுல படாம சந்து சந்தா ஓடினியே, இன்னிக்கு மாட்டிக்கிட்டியா? உக்காரு" என்றேன். அவன் அசட்டுச் சிரிப்புச் சிரித்தான். பல்லின் இடுக்கெல்லாம் செங்கல் நிறம். சிகரெட்டுக் கறை இப்படியா இருக்கும்?

"மூணு விரலைச் சேத்து நெட்டுக்குத்தா வாய்க்குள்ள வை."

மூன்றும் போனால்தான் வாய் சரியாகத் திறக்கிறது என்று அர்த்தம். இரண்டுதான் போயிற்று. மூன்றாவது விரல் உதட்டிலேயே நின்றுவிட்டது. விளக்கை இழுத்துக் கன்னத்தை விலக்கிப் பார்த்தேன். இடது கன்னம், கடைவாய்ப் பல்லுக்கு எதிரே, துணியால் துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு. அதன் ஓரத்தில் விரல் வைத்தபோது லேசாகக் கெட்டிப்பட்டிருந்தது.

அந்த இடம் எனக்குத் தெரியும். அவன் அப்பா கிம் சுவானின் வாயில் இதே இடத்தில், இதே நாற்காலியில்தான் பார்த்தேன். பேய் மாதம் நெருங்கிவிட்டது, செத்தவர்கள் வெளியே உலவும்போது யாராவது உடம்பில் கத்தி வைப்பார்களா, முடிந்ததும் வருகிறேன் என்று போனான். பிறகு நிலாப் பண்டிகை முடியட்டும் என்றான். அவன் திரும்பி வந்தபோது கன்னத்தில் ஓட்டை விழுந்திருந்தது. அந்த வாயை மண்ணில் வைத்து ஆறு வருஷமாகிவிட்டது, இன்று அது மறுபடியும் என் விளக்கின் கீழே திறந்துகொண்டு கிடந்தது.

"எத்தனை வருஷமா பாக்கு போடறே?" என்று கேட்டேன்.

அவனுக்கு முன்னால் அவள் பாய்ந்தாள். "என்ன டாக்டரம்மா கேக்கறீங்க! அந்த மனுஷன் பட்ட பாட்டைப் பாத்ததுக்கப்புறம் பாக்குன்னு ஒரு சொல்லு என் வீட்டுல உண்டா? இவன் தொட்டா கையை ஒடிச்சுடுவேன்."

"வீட்டுக்குள்ள பாக்கே வராதா?"

"அவருக்கு மட்டும்தான். படத்துக்கு முன்னால தட்டுல சாயங்காலம் ரெண்டு வைப்பேன். உசிரோட இருந்தவரைக்கும் அதுதானே அவருக்கு எல்லாம்." அவள் குரல் தணிந்தது, முகத்தில் வெட்கம்கூட வந்தது. "பழம் படைச்சா எறக்கி நாமதான் தின்னணும். பாக்கை மட்டும் நான் எறக்கறதே இல்ல. அவரே எடுத்துக்கறார் டாக்டரம்மா. விடிஞ்சு பாத்தா தட்டு காலியா இருக்கும். சொன்னா சிரிப்பீங்கன்னுதான் யார்கிட்டயும் சொல்லல."

நான் சிரிக்கவில்லை. யீ செங் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தான். விடிவதற்கு முன்னால் மீன் ஏற்ற வீட்டிலிருந்து கிளம்புகிறவன் அவன்தான். நான் அவனைப் பார்ப்பதை அவளும் பார்த்தாள். எச்சில் உறிஞ்சும் குழாய் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினேன்.

"மொத வாரம் பாக்கு காஞ்சு கெடந்துதும்மா" என்றான் கண்ணைத் திறக்காமல். "எம்மேல அவ்வளவு கோவமா, வந்து எடுத்துக்கக்கூட மாட்டேங்கறாரேன்னு நீ தரையில உக்காந்து அழுதே. அதான் எடுத்துட்டேன். தூக்கிப் போட மனசு வரல. அப்பா மாதிரி லாரில வச்சு மென்னுட்டே போனேன். அன்னிக்கு நீ எவ்வளவு சந்தோஷமா இருந்தே தெரியுமா? அப்புறம் ரெண்டு பத்தல, கடையிலயும் வாங்க ஆரம்பிச்சேன்."

அவள் மகன் பக்கம் குனிந்தாள்.

"அப்ப அவர் ஒருநாள்கூட வரலியா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பிள்ளையின் வாயில் என்ன இருக்கிறது என்று கேட்காமல் இதையா கேட்பாள்? பிறகுதான் உறைத்தது, அவள் அந்த நிமிஷம்தான் புருஷனைப் பறிகொடுத்திருந்தாள். குரலை இறக்கிச் சொன்னேன். திட்டு இன்னும் சின்னதாகத்தான் இருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு துணுக்கு கிள்ளிச் சோதிப்பார்கள், கெட்டதாக இருந்தால் வெட்டி எடுப்பார்கள், இப்போதே போனால் பிழைக்க நிறைய வழி உண்டு. போன் போட்டுத் திங்கட்கிழமைக்கு இடமும் கேட்டு வாங்கினேன்.

"திங்கக்கிழமையா? ஏழாம் மாசம், பேய் மாசம், நாளைக்குப் பொறக்குதே" என்றாள்.

"குவான், என் வாயைக் கிளறாதே. இதே பேச்சைத்தான் உன் புருஷனும் இங்க உக்காந்து பேசினார்."

"அவரை ஒரு வார்த்தை கேக்காம எம்புள்ள மேல கத்தி வைக்க விடமாட்டேன் டாக்டரம்மா. கேட்டுட்டுச் சொல்றேன்."

விட்டால் அடுத்த வருஷம்தான் சொல்வாள். கிளினிக்கைப் பூட்டிவிட்டு ஸ்கூட்டரில் அவர்கள் பின்னாலேயே போனேன்.

வெயில் தாழவில்லை. அவர்கள் வீட்டுக் கூடத்தில் கிம் சுவானின் படம், அதற்கு முன்னால் நீல விளிம்பு வைத்த சின்னத் தட்டு. அவள் ஊதுபத்தி ஏற்றினாள். செத்தவர்களிடம் கேள்வி கேட்டுத் தரையில் போடும், பிறை போன்ற இரண்டு மரக்கட்டைகளைக் கையில் எடுத்து மண்டியிட்டாள். ஒன்று குப்புறவும் ஒன்று மல்லாந்தும் விழுந்தால் சம்மதம். இரண்டும் குப்புற விழுந்து முதுகைக் காட்டினால் மறுப்பு.

"உங்க புள்ளைய திங்கக்கிழமை கூட்டிட்டுப் போகட்டுமா?"

கட்டைகள் விழுந்தன. இரண்டும் முதுகு. மறுபடியும் கேட்டாள், இரண்டும் முதுகு. மூன்றாம் முறையும் போட்டாள். ஒன்று உருண்டு நாற்காலிக் காலில் இடித்து, கொஞ்சம் ஆடி, முதுகைக் காட்டி நின்றது. மற்றதும் அப்படியே.

நான் இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. ஆனாலும் மனசு கேட்டது: ஆறு வருஷத்தில் ஒரு பாக்கை எடுத்துக்கொள்ளக்கூட வராதவன், வேண்டாம் என்று சொல்ல மட்டும் எங்கிருந்து வந்தான்?

"விடும்மா" என்றான் யீ செங். "இந்த மாசம் போகட்டும். பண்டிகை முடிஞ்சதும் பாத்துக்கலாம்."

சோம்பலாக இழுத்துப் பேசும் அந்தக் குரல் கிம் சுவானின் குரல். எனக்கு மட்டும் கேட்டதென்று நினைத்தேன். சியோக் குவானும் விருட்டென்று நிமிர்ந்தாள். மகனைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், மறுபடியும் மகனைப் பார்த்தாள்.

"இத்தனை வருஷமா நான் கூப்பிட்டேன், வரல" என்று படத்திடம் சொன்னாள். "இப்ப இவனைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தீங்களா? அங்க தனியா இருக்கீங்களா? துணை வேணும்னா எனக்குக் காலம் வரும்போது நானே வரேன். இவனைத் தரமாட்டேன். கேட்டுக்குங்க, தரவே மாட்டேன்."

ஊதுபத்திச் சாம்பல் தட்டில் விழுந்தது. அவள் கையை நீட்டி, நாற்காலிக் காலடியில் கிடந்த கட்டையை விரலால் புரட்டி மல்லாக்க வைத்தாள். இந்த ஊரில் யாரும் செய்யத் துணியாத காரியம் அது. யீ செங் "அம்மா!" என்று கத்தியேவிட்டான்.

"சரின்னுட்டார்" என்றாள் அவள். "திங்கக்கிழமை எத்தனை மணிக்கு வரணும் டாக்டரம்மா?"

சொன்னேன். அவள் தலையாட்டினாள். அந்த விரலை மட்டும் கட்டையின் மேலிருந்து எடுக்கவில்லை, எடுத்தால் அது மறுபடியும் புரண்டுவிடும் என்பதுபோல அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.