ஜெயிலரின் பசி

பிரசவ வார்டின் தலைமை நர்சுக்கு முதுகுக்குப் பின்னால் இருந்த பெயர் ஜெயிலர். அது அவளுக்கும் தெரியும், அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. அப்பேர்ப்பட்டவள் இன்று காலை எட்டு மணிக்கு சிசேரியனில் பெண் குழந்தை பெற்று, தன் வார்டிலேயே மூன்றாவது கட்டிலில் கிடந்தாள். இப்போது மணி மூன்று. பசி உயிரை எடுத்தது.

பக்கத்து நாற்காலியில் கணவன், மடியில் சூப் ஃபிளாஸ்க். அதை அவன் திறந்து திறந்து மோந்து பார்த்தது அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒரே ஒரு ஸ்பூன் குடுக்கச் சொல்லுடி," என்று தன்னிடம் வேலை பழகிய சின்ன நர்சிடம் கெஞ்சினாள்.

சின்னவள் சுவரைக் காட்டினாள். "நீங்க ஒட்டினதுதான் அக்கா."

சிவப்பு மையில், கொட்டை எழுத்தில்: சிசேரியன் ஆனவர்களுக்குக் காற்று பிரியும்வரை சாப்பாடு கிடையாது.

ஆக, ஒரு குடும்பமே ஒரு குசுவுக்காகத் தவம் கிடந்தது. மாமியார் பத்து நிமிடத்துக்கு ஒருதரம் ஃபோனில் "வந்துச்சா?" என்றாள். கேட்டது பேத்தியைப் பற்றி அல்ல.

மூன்றேகாலுக்கு வந்தது. கணீரென்று வந்தது. சின்னவள் ஓடி வந்தாள். ஜெயிலர் ஆமாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் கணவன் தலைகுனிந்துவிட்டான், மடையன்.

"அண்ணனோடது செல்லாது அக்கா. இந்தத் தில்லுமுல்ல கண்டுபிடிக்க நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க."

அந்த நேரம் டாக்டரம்மா ரவுண்டு வந்தார். "என்ன சிஸ்டர், சாப்டாச்சா?" தினமும் எல்லாக் கட்டிலிலும் கேட்கிற கேள்விதான். ஜெயிலருக்குப் பயந்து எல்லாரும் ஆச்சு என்பார்கள்.

"இல்ல டாக்டர். காத்து பிரியல."

"அதுக்கும் இதுக்கும் என்ன? உங்களுக்கு வாந்தி இல்ல, வயிறு உப்பல. மதியமே லேசா சாப்பிட்டிருக்கலாம். காத்துக்காகக் காத்திருக்க வேண்டாம்னு போன மாசமே நோட்டீஸ் ஒட்டச் சொன்னேனே."

சின்னவள் சிவப்பு மைத் தாளை மெல்ல உரித்தாள். அடியில் டாக்டரம்மாவின் நோட்டீஸ் பத்திரமாக இருந்தது. இந்தக் காலத்து டாக்டர்களுக்கு என்ன தெரியும் என்று அதன் மேலேயே தன்னுடையதை ஒட்டியவள் ஜெயிலர்தான்.

"அப்ப என் பிஸ்கட்டு?" என்றது பக்கத்துக் கட்டில். அதிகாலையில் அறுவை முடிந்த பெண். பதினோரு மணிக்கு அவள் பிரித்த பாக்கெட்டை, படுத்த இடத்திலிருந்தே சின்னவளை அதட்டிப் பிடுங்க வைத்து, தன் டிராயரில் பூட்டச் சொல்லிச் சாவியை வாங்கி வைத்திருந்தாள் ஜெயிலர்.

அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஒரு மாதத்தில் எத்தனை பேர், எத்தனை வயிறு. தலையணைக்கு அடியிலிருந்து சாவியை எடுத்துச் சின்னவளிடம் நீட்டினாள். "அவளுக்குக் குடு. டாக்டர் சரின்னா என் சூப்பும் முதல்ல அவளுக்கு."

டாக்டரம்மா தலையாட்டினார். பக்கத்துக் கட்டில் பெண் பாதி சூப்பைக் குடித்துவிட்டு, மீதியையும் ஒரு பிஸ்கட்டையும் இந்தப் பக்கம் அனுப்பினாள். ஜெயிலர் முதல் வாய் விழுங்கினாள். கண் கலங்கிவிட்டது.

அப்போதுதான் அவளுக்குக் காற்று பிரிந்தது. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.