சோள மாவுத் தோட்டா

"இப்போ!" என்று ஆர்லிஸ் எழுந்த அதே நொடியில் டாய்லும் எழுந்து சுட்டான். இரண்டு துப்பாக்கிகளும் ஒன்றாக வெடித்தன. பச்சைத்தலை வாத்து ஒன்று சுருண்டு, முழங்கால் வெள்ளத்தில் நின்ற ஓக் மரங்களுக்கு நடுவே விழுந்தது.

"பாத்தியாடா! கண்ணு போச்சுன்னு சொன்னாளே வில்மா, இழுத்துட்டு வந்து காட்டணும் அவளுக்கு."

"நான் குறி வைக்கறதுக்குள்ள அடிச்சிட்டியே, கெழவா" என்றான் டாய்ல். காலையிலிருந்து இது நான்காவது பொய். சொல்லச் சொல்லச் சுலபமாக வந்தது, அதுதான் அவனை உறுத்தியது.

இருவருக்கும் தோட்டா நிரப்புவது வருடக்கணக்காக டாய்லின் வேலை. போன குளிர்காலத்தில் ஆர்லிஸ் தாழ்த்திச் சுட்டதில் நாய் மாபெலின் காது கிழிந்தது. "வேட்டைக்குப் போகாதன்னா அந்த மனுஷன் மூலையில உக்காந்துடுவாரு. போனா எனக்கு உசுரே இல்ல" என்று ஆர்லிஸின் மனைவி வில்மா டாய்லிடம் அழுதாள். அவள் யோசனை எதுவும் சொல்லவில்லை. நண்பனின் தோட்டாக்களில் இரும்பு ரவைக் குண்டுகளுக்குப் பதிலாகச் சோள மாவை அடைத்தது டாய்லின் சொந்த மூளை. வெடிக்கும், தோளில் உதைக்கும், யாருக்கும் ஆபத்தில்லை.

இத்தனைக்கும் காலை அவ்வளவு நன்றாக இருந்தது. பனி மரங்களுக்குள் மெல்லக் கலைந்தது. குடுவைக் காப்பியை ஒரே மூடியில் மாற்றி மாற்றிக் குடித்தார்கள். வாத்துபோலக் கத்தும் ஊதலை ஆர்லிஸ் வாயில் வைத்தால் போதும், எங்கோ போய்க்கொண்டிருந்த கூட்டம் திரும்பி, மரக்கிளைகளுக்குள் சரசரவென்று இறங்கும். அந்த ஊதலுக்கு மயங்காத வாத்து அர்கன்சாவில் இல்லை. டாய்ல் சிரித்தான், ரசித்தான். ரசித்ததற்காகவே தன்மேல் அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

அடுத்த கூட்டத்தில் டாய்ல் சுட்டது இறக்கையில் மட்டும் பட்டது. வாத்து அவர்கள் பதுங்கியிருந்த மறைப்புக்கு முன்னால், கல்லெறி தூரம்கூட இல்லை, விழுந்து துடித்தது. மாபெல் பாயப் போனாள். டாய்ல் கழுத்துப் பட்டையைப் பிடித்தான்.

"அவள விடாத. நான் முடிக்கறேன்" என்று ஆர்லிஸ் சுட்டான்.

ரவை விழுந்தால் தண்ணீர் கொதித்தாற்போல் துள்ளும். துள்ளவில்லை. வானத்து வாத்தையே நினைத்துத் தோட்டா செய்தவனுக்குத் தண்ணீர் நினைவிலேயே வரவில்லை. புகை கலைந்ததும் மஞ்சள் மாவு மெதுவாக இறங்கிக் கறுத்த நீரில் படிந்தது. அதைக் கிழித்துக்கொண்டு வாத்து நீந்தியது.

ஆர்லிஸ் குனிந்து, விரலால் தொட்டு, தேய்த்து, முகர்ந்து பார்த்தான்.

"சோளத்த எரையாத் தூவி வாத்து சுட்டா கேஸ் போடுவாங்கடா" என்றான் கடைசியில். குரலில் சிரிப்பு இருந்ததா என்று டாய்லுக்குத் தெரியவில்லை.

"வில்மாவுக்குத் தெரியாது. நாந்தான் செஞ்சேன்."

"அப்போ காலையிலேருந்து விழுந்ததெல்லாம்?"

டாய்ல் தன் துப்பாக்கியைப் பார்த்தான்.

"சரி, உன் பாக்கெட்டுலேருந்து நெசத் தோட்டா ஒண்ணு குடு. பாவம், துடிக்குது பாரு."

ஆர்லிஸ் உள்ளங்கையை நீட்டினான். விரல் நுனியில் ஈர மாவு ஒட்டியிருந்தது. டாய்லின் ஒரு கை பாக்கெட்டில் தோட்டாவைப் பற்றியிருந்தது. மறு கைக்கடியில் மாபெலின் கிழிந்த காது சூடாகத் துடித்தது. வாத்து மாவுக்குள் வட்டம் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.