திறந்த நேரம் 7.50

பாலு தன் பன்னைத் தணிகாசலத்தின் டீயில் தோய்த்தான். அவனுடைய கிளாஸ் காலியாகிவிட்டிருந்தது.

"இன்னாடா, உனக்குன்னு ஒரு டீ கெடைக்கலியா?"

"உன் டீலதான் மாமா சக்கர ஜாஸ்தி கீது."

அவன் தணிகாசலத்தின் மனைவி சுலோச்சனாவின் தம்பி. இருவரும் மந்தைவெளி குடிநீர் வாரிய டிப்போவில் பன்னிரண்டு வருஷமாக ஒரே கேங்கில் சாக்கடை அடைப்பு எடுத்தவர்கள். மேன்ஹோல் மூடியைத் திறந்துபோட்டு, ஒரு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்து விஷவாயுவைப் போகவிட்ட பிறகுதான் பாலு இறங்குவான். கயிறு தணிகாசலத்தின் கையில் இருக்கும்.

தொண்ணூற்றேழு ஜூலையில் சீரமைப்பு என்று சுற்றறிக்கை வந்தது. மூன்று டிப்போக்களை ஒன்றாக்கி, வேலையை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு குழு தெருத்தெருவாக மூடிகளைத் திறந்து, அட்டையில் நேரம் எழுதி, எதிர்க்கடையில் கொடுத்துவிட்டு நகர வேண்டும். இன்னொரு குழு ஒரு மணி நேரம் கழித்து வந்து இறங்கும். சும்மா உட்காரும் நேரம் மிச்சம் என்றார் அதிகாரி. தணிகாசலத்தைத் திறக்கும் குழுவில் போட்டார்கள். பாலுவை இறங்கும் குழுவில்.

"உன் கயித்த யார்ரா புடிக்கிறது?"

"ரகுபதின்னு ஒருத்தன், அடையாறு ஆளு. புதுப் பொண்டாட்டி கணக்கா கெட்டியா புடிக்கிறான். நீ போ மாமா."

அன்று காலை ஏழு ஐம்பதுக்குத் தணிகாசலம் ஒரு நர்சரி பள்ளியின் அருகே மூடியைத் திறந்து, அட்டையில் எழுதிக் கடையில் கொடுத்தார். கிளம்பும்போது இரண்டு குழந்தைகள் அந்த ஓரமாகவே ஓடிவந்தன. ஆளில்லாமல் ஒரு குழியைத் திறந்துவைத்துவிட்டு அவர் போனதே இல்லை. மூடியைத் தள்ளி மூடினார். பாலு வந்து திறந்து உட்கார்ந்துவிட்டுத்தானே இறங்குவான்? அட்டையை அவர் நினைக்கவே இல்லை.

எட்டு ஐம்பதுக்கு வந்த ரகுபதி தயங்கினான். "மூடிக்கீதேப்பா. செத்த நேரம் உக்காரலாமா?"

பாலு கடையில் வாங்கிய அட்டையைக் காட்டினான். "எங்க மாமா கையெழுத்துடா இது. ஒரு மணி நேரமா தொறந்து கெடந்துக்கீது. புள்ளைங்க வருதுன்னு இப்பத்தான் எவனாச்சும் மூடியிருப்பான்."

ஆறாவது படியில் கயிறு கனத்தது. தெருவே சேர்ந்து இழுத்தும் பாலு உயிரோடு மேலே வரவில்லை.

ரகுபதி சொல்லித்தான் இதெல்லாம் தணிகாசலத்துக்குத் தெரியும். அன்று மாலை சுலோச்சனா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"நீயா மூடின?"

"புள்ளைங்க வந்துச்சு, சுலோ."

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

விசாரணையில் அட்டை சரியாக இருந்தது. அடுத்த மாதம் நான்காவது டிப்போவையும் சேர்த்தார்கள். மேஜைகள் இடம் மாறின, பெயர்ப்பலகை மாறியது. உள்ளே சுவரில் இருந்த ஓய்வுநாள் பட்டியலை யாரும் தொடவில்லை. அதில் இன்னமும் பாலுவுக்கு வியாழக்கிழமை விடுமுறை.