சும்மா வேலை

"பறையை எடுத்துக்கிட்டு கெளம்பு பத்துமலை. தலைவரோட அம்மா தவறிட்டாங்க."

அப்பாவு வாசலுக்கு வெளியே நின்றபடியே சொன்னார். கோயில் கமிட்டியின் செயலாளர் அவர். இந்த வீட்டுப் படியை மிதிக்க மாட்டார், இங்கே ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டார். எழவு சொல்வதற்கு மட்டும் விடிந்ததும் விடியாததுமாக ஓடி வந்துவிடுவார். அதற்குத் தீட்டு கிடையாது போலிருக்கிறது.

பத்துமலை காப்பியை வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"எப்பங்க?"

"விடியக்காலையில. சாயந்திரம் எடுக்குறாங்க, சீக்கிரம் வாலா. அப்புறம், ஒம்மவளோட பாரத்தையும் கையோட கொண்டு வந்திடு. நீ அடிக்க ஆரம்பிச்சதும் தலைவர் சைன் போட்டுக் குடுத்திடுவாரு. அவரே சொல்லி அனுப்பிச்சாரு."

சொன்ன வேலை முடிந்தது. அப்பாவு சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விட்டார்.

உள்ளே மேசையருகே இருந்த நவமணிக்கு எல்லாம் கேட்டது. அவள் கையில்தான் அந்த விண்ணப்பப் பாரம் இருந்தது. கோலாலம்பூரில் சட்டம் படித்து முடித்த பெண். ஐரோப்பாவில் உள்ள ஒரு சர்வதேச நீதிமன்றத்தில் ஆறு மாதப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கிறாள். நாட்டுக்கு நாடு வழக்காடும் இடம் அது. சின்னஞ்சிறு நாடுகூடப் பெரிய நாட்டை நிற்க வைத்துக் கேள்வி கேட்கலாம் என்று விரிவுரையாளர் சொன்ன நாளிலிருந்து அவளுக்கு அதே நினைப்பு. சம்பளம் மட்டும் கிடையாது. தங்குவதும் சாப்பிடுவதும் அவரவர் பாடு. அந்தச் செலவுக்கு நான் பொறுப்பு என்று வசதியுள்ள ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். இன்று மாலை ஈப்போ தபால் நிலையத்தில் சேர்க்காவிட்டால் கெடு தாண்டிவிடும்.

சதாசிவம் போடுகிறேன் என்றிருந்தார். லோரிகள் வைத்திருக்கும் முதலாளி, கோயில் தலைவர். போன வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் ஒலிபெருக்கியைப் பிடித்து, "நம்ம இனத்துப் பொண்ணு உலகக் கோர்ட்டுக்குப் போகுது, அதுக்கு நான் இருக்கேன்" என்று முழங்கினார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பத்துமலை தூணுக்குப் பின்னால் நின்று அழுதுவிட்டார்.

இவர்கள் எல்லோரும் ஒரே ரப்பர் தோட்டத்து ஆட்கள். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றதும் ஈப்போ பக்கத்து லகாட்டுக்கு வந்து பலகை வீடு கட்டிக்கொண்டார்கள். வரும்போது சட்டி பானையோடு சாதியையும் லோரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். ரப்பர் மரம் போயிற்று, வேலை வாங்கிய தண்டல் போனார், பத்துமலைக்கு நகராட்சியில் புல் வெட்டும் வேலை கிடைத்தது. ஆனால் எவர் வீட்டில் எழவு விழுந்தாலும் பறையடிக்க வேண்டியவர் பத்துமலைதான். அதற்குக் கூலி கிடையாது. ஒரு பொட்டலம் சோறும் கொஞ்சம் சம்சுச் சாராயமும் கொடுப்பார்கள், சாக்கடை ஓரமாய் நின்று வாங்கிக்கொள்ள வேண்டும். இதற்கு 'மரியாதை' என்று பெயர் வேறு! யாருக்கு மரியாதை என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

பத்துமலை ஆணியில் மாட்டியிருந்த பறையை இறக்கினார்.

"அப்பா, வேணாம்பா," என்றாள் நவமணி. "இப்படி ஒரு சைன் எனக்கு வேணாம்."

"சும்மா இரு. நான் இன்னிக்குத்தான் புதுசா அடிக்கப் போறேனா? ஒரு நாள் பொழுது. ஒனக்கு வாழ்க்கை கெடைக்கும்."

ராக்காயி புருஷன் பக்கம் பேசினாள். "ஒங்கப்பா சொல்றதைக் கேளு புள்ள. அவங்களை மொறைச்சுக்கிட்டா நாளைக்கு நம்ம வீட்டுல ஒண்ணு ஆனா தூக்க நாலு பேரு வருவாங்களா?"

நவமணிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "அப்பக் கூலி பேசிட்டு அடிங்கப்பா. கூலி வாங்கினா அது வேலை. நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். சும்மா அடிச்சாத்தான் அது சாதி."

பத்துமலை மகளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சரியென்று தலையை ஆட்டிவிட்டுக் கிளம்பினார். பாரத்தை எடுத்துக்கொண்டு நவமணியும் பின்னால் போனாள்.

சதாசிவத்தின் வீட்டு முன்னால் கூடாரம் போட்டாயிற்று. வந்தவர்களுக்கு நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. பத்துமலை வழக்கம்போல வெளிவாசல் சாக்கடை ஓரம் நின்று, ஓலையைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சினார். சதாசிவம் வெளியே வந்தார். அழுது வீங்கிய முகம். பாவம், தாயைப் பறிகொடுத்த மனுஷன், அதில் பொய் இல்லை. பத்துமலையைவிட இருபது வயது இளையவர்.

"என்னா பத்துமலை, பார்த்துக்கிட்டு நிக்குறே? அடிடா."

பத்துமலை குச்சிகளைத் தாழ்த்தினார். பிறந்ததிலிருந்து கேட்காத ஒன்றைக் கேட்க வேண்டும். ஒருமுறை மகளைத் திரும்பிப் பார்த்தார்.

"தலைவரே, தப்பா நெனைக்கக் கூடாது. கூலி என்னான்னு பேசிக்கிட்டா..."

"என்னாது?"

"கூலிங்க. மத்த வேலைக்குக் குடுக்கிற மாதிரி."

நாற்காலிகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சதாசிவத்தின் முகம் கறுத்தது.

"எங்கம்மா பொணம் உள்ள கெடக்கு, நீ என்கிட்ட கூலி பேசுறியா? ஒம்மவ வெள்ளைக்காரன் கோர்ட்டுல ஆறு மாசம் சும்மா வேலை செய்யப் போறா. அதுக்கு நான் சைன் போடணும். நீ ஒரு நாளு எங்கம்மாவுக்குச் சும்மா அடிக்க மாட்டே. நல்லா இருக்குலா ஒங்க நியாயம்!"

கூடாரத்தில் ஒருவர் சிரித்தார். அதைப் பிடித்துக்கொண்டு இன்னும் பத்துப் பேர் சிரித்தார்கள். சாவு வீடு என்பதே அவர்களுக்கு மறந்துபோயிற்று. அப்பாவு வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். நவமணியின் காதெல்லாம் எரிந்தது. நான்தானே கேட்கச் சொன்னேன், அப்பாவை இத்தனை பேருக்கு நடுவில் நிற்க வைத்துவிட்டேனே என்று துடித்துப்போனாள்.

சிரிப்பு ஓயும்வரை பத்துமலை தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அவ ஆசைப்பட்டுக் கேட்டுப் போறா, தலைவரே. பிடிக்கலைன்னா திரும்பி வந்திடலாம், யாரும் அடிக்க வரமாட்டாங்க. என்னைய யாரு கேட்டீங்க? எங்கப்பனை யாரு கேட்டா?"

பத்துமலை குச்சிகளை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"பெரியம்மா நல்லவங்க. அவங்களுக்கு மோட்சம் கெடைக்கட்டும்," என்று வீட்டைப் பார்த்துக் கும்பிட்டார். பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "வாம்மா, போலாம்," என்றார்.

"போடா, போ!" என்று சதாசிவம் பின்னாலிருந்து கத்தினார். "சைனுக்கு இனிமே இந்தப் பக்கம் வந்து பாரு! கோயில் வாசல்லயும் நிக்கக் கூடாது!"

வீட்டுக்கு வந்ததும் ராக்காயி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். பெண்ணின் வாழ்க்கையும் போச்சு, ஊரும் போச்சு என்று புலம்பினாள். அவள் பயத்தில் தவறில்லை. இந்தத் தெருவைத் தாண்டினால் அவர்களுக்கு ஒரு நாதி இல்லை.

பத்துமலை மகளின் முன்னால் உட்கார்ந்தார். "கெடுத்துட்டேனா தாயி?"

"இல்லப்பா." நவமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு பாரத்தை விரித்தாள். "பொறுப்பு ஏத்துக்கிறவர் எடத்துல நீங்க சைன் போடுங்க."

"நானா? புல்லு வெட்டுறவன் சைனை அந்த வெள்ளைக்காரன் ஒத்துக்குவானா?"

"ஒத்துக்க மாட்டாங்கன்னுதான் நெனைக்கிறேன்."

"அப்புறம் எதுக்கு அனுப்புறே?"

"இல்லைன்னு அந்தக் கோர்ட்டு சொல்லட்டும்பா. சதாசிவம் சொல்ல வேணாம்."

பத்துமலை பேனாவை வாங்கி, எழுத்து எழுத்தாகத் தன் பெயரை எழுதினார். தொழில் என்ற இடத்தில், புல் வெட்டும் தொழிலாளி என்று நவமணி ஆங்கிலத்தில் எழுதினாள். ஒரு சொல்லைக்கூடப் பெரிதாக்கவில்லை.

மூன்று மணி வாக்கில் இருவரும் ஈப்போ பஸ்ஸுக்காகப் பெரிய ரோட்டில் வந்து நின்றார்கள். எதிர்ப்பக்கம் சதாசிவத்தின் வீடு. பத்துமலை இல்லாவிட்டால் சவ ஊர்வலம் நின்றுவிடுமா என்ன? ஈப்போவிலிருந்து சீனர் பேண்டு வாத்தியக்காரர்களை வரவழைத்துவிட்டார்கள். வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி, பளபளவென்று குழல்கள். அவர்களுக்குக் கூடாரத்துக்குள்ளேயே நாற்காலி போட்டிருந்தது. அப்பாவு ஓடி ஓடி ஆரஞ்சுத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார், அவர்கள் குடித்து வைத்த தம்ளரைத் தானே எடுத்துக்கொண்டும் போனார்.

சதாசிவம் வெளியே வந்தார். பேண்டு தலைவரின் முன்னால் நின்று, கூலி வைத்த அங்பாவ் உறையை இரண்டு கையாலும் நீட்டினார். வாங்கியவர் அங்கேயே பிரித்து எண்ணிப் பார்த்துவிட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

பத்துமலை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஆளும் கூலி பேசிட்டுத்தானே வந்திருப்பான்?"

"ஆமாப்பா. பேசாம வருவாங்களா?"

"பேசும்போது யாரும் சிரிச்சிருக்க மாட்டாங்க, இல்ல?"

ஈப்போ பஸ் வந்தது. பத்துமலை கையை நீட்டி நிறுத்தினார்.