கண்ணாடிக்குள் நின்றவர்

அப்பாவின் இதய அறுவைச் சிகிச்சைக்கு சினிமாத் தொழிலாளர் சங்கம் உதவ வேண்டுமென்றால், அவர் சினிமாவில் லைட்மேனாக இருந்ததற்கு ஓர் ஆதாரம் வேண்டும். இன்று ஐந்து மணிக்குள். சங்கத்தின் பழைய பதிவேடு மழைத் தண்ணீரில் போய்விட்டதாம். அவர் வேலை பார்த்த கம்பெனிகள் அதற்கும் முன்பே போய்விட்டன. எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். அந்தப் பட்டத்தால் இதுவரை கண்ட பலன், எல்லோருடைய விண்ணப்பத்தையும் நானே நிரப்புவதுதான்.

மிஞ்சியது ஒரு வீடியோ கேசட். அப்பா வேலை பார்த்த, பதினோரு நாளில் எடுத்து முடித்த பேய்ப் படம். டிவி மெக்கானிக்கிடம் கெஞ்சி டெக் வாங்கிவந்து ஓட்டினேன். பேய் நடந்தால் சுவர் ஆடியது. பேயின் சவுரி ஒரு பக்கமாக நழுவிக்கொண்டே இருந்தது. ஐம்பத்திரண்டாவது நிமிடத்தில் கதாநாயகி நிலைக்கண்ணாடி முன் தலை வாருகிறாள். கண்ணாடியில் அவளுக்குப் பின்னால் பேய். பேய்க்கும் பின்னால், விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வாயைப் பிளந்தபடி என் அப்பா.

பயப்பட வேண்டிய இடத்தில் தியேட்டரே விழுந்து விழுந்து சிரித்ததாம். அன்றிலிருந்து அவர் பெயர் ‘கண்ணாடி’. வேலைக்கு யாரும் கூப்பிடவில்லை.

அந்தக் காட்சியை போனில் படம் பிடித்துச் சங்கச் செயலாளருக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டேன்.

“பாப்பா, எனக்குத் தெரியாதா, நம்ம கண்ணாடியேதான். ஆனா அவரே ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போடணும். அண்ணே, நீங்கதானே?”

அப்பா டிவி பக்கமே திரும்பவில்லை. “நான் இல்ல.”

“அப்பா, விளையாடாதீங்க.”

“இல்லன்னா இல்ல.”

“அஞ்சு மணிக்குப் பூட்டிருவேன் பாப்பா,” என்று சிரித்துக்கொண்டே செயலாளர் வைத்துவிட்டார்.

“நாலு படி ஏற முடியல, வீம்புக்கு மட்டும் குறைச்சல் இல்ல,” என்றேன். “செத்தப்புறம் மானத்த வெச்சு என்ன பண்ணப் போறீங்க?”

“கத்தாதடி, அவருக்கு ஆகாது,” என்றாள் அம்மா.

“கத்தலன்னா மட்டும் ஆயிருமா?”

அப்பா மூச்சைச் சேர்த்துக்கொண்டு பேசினார். “பேய்க்குப் பின்னாடி வெளிச்சம் பத்தல. அங்க போயி நில்லுன்னாரு டைரக்டர். கண்ணாடில விழுவேன் சார்னேன். விழாது, நில்லுடான்னாரு. திருப்பி எடுக்க பிலிம் இல்ல. படம் படுத்ததும் பழி என் தலையில. நானாப் போயி நிக்கல. அத எழுதுவியா நீ?”

விண்ணப்பத்தில் பெயர், வருடம், படம், வேலை என்று நாலே கட்டங்கள். இதற்கு இடமில்லை. தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் அவர் சொன்னதை அப்படியே எழுதினேன். விரலை வைத்து வரிவரியாகப் படித்தார்.

“முன்கூட்டியே சொன்னேன்னு போடு.”

போட்டேன். அதற்குக் கீழே கையெழுத்திட்டார்.

பின்பக்கம் எழுதிய விண்ணப்பங்கள் ஏற்கப்பட மாட்டா என்று சங்க வாசலில் ஒட்டியிருக்கிறது. படித்திருக்கிறேன். மணி நாலே முக்கால். செருப்பைத் தேடாமல் ஓடினேன்.