உறைமேல் கையெழுத்து

ஆனர்ஸ் வகுப்பில் இருபதே இடங்கள். வந்த அறுநூறு விண்ணப்பங்களில் நாற்பது பேரைத்தான் நேர்காணலுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். சின்னவளின் எண் முப்பத்தொன்று. நடைவழி பெஞ்சில் அக்காவை ஒட்டி உட்கார்ந்து, மடியிலிருந்த பழுப்பு உறையைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தாள்.

உறைக்குள் இருந்தது இயற்பியல் ஆசிரியை எழுதிய பரிந்துரைக் கடிதம். ஒட்டிய மடிப்பின் குறுக்கே அவருடைய கையெழுத்து. பிரித்த உறை செல்லாது என்று அழைப்பிலேயே தடித்த எழுத்தில் போட்டிருந்தது.

அக்கா எட்டு வருடமாகப் புத்தக பைண்டிங் பட்டறையில் வேலை பார்ப்பவள். கை சும்மா இருக்காமல் உறையை வாங்கிப் புரட்டினாள். மடிப்பின் ஓரத்தைத் தடவிய கட்டைவிரல் சட்டென்று நின்றது.

"ஏய் எலி, இது நான் வீட்டுல வச்சிருக்கிற எங்க பட்டறைப் பசையாச்சே?"

"என்னக்கா சொல்ற?"

"நடிக்காத. கையெழுத்துல அடிக்கோடு ஒரு மயிரிழை விலகி நிக்குது. பேப்பர் ஆவி பட்டுச் சுருங்கியிருக்கு. பிரிச்சியா?"

சின்னவள் குரலைத் தாழ்த்தினாள். "பயமா இருந்துச்சுக்கா. போன பரீட்சையில மார்க்குக்காக மிஸ்கிட்ட மல்லுக்கு நின்னேன்ல? அதை மனசுல வச்சு எழுதியிருந்தா?"

"எழுதியிருந்தாங்களா?"

"இல்ல. ஆறே வரி. நல்லாத்தான் எழுதியிருக்காங்க."

"நல்லா இருந்ததைக் கெடுத்துட்டு வந்து நிக்கிற! ஒட்டினதையாவது உருப்படியா ஒட்டியிருக்கியா? எங்க முதலாளி பார்த்தா அன்னிக்கே சீட்டைக் கிழிச்சிருப்பார்."

"இருபத்தெட்டு!" என்று எழுத்தர் குரல் கொடுத்தார். எழுந்து போன பையனின் உறையை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, முன்னும் பின்னும் பார்த்துவிட்டுத்தான் உள்ளே அனுப்பினார்.

"அக்கா, அவருக்குத் தெரிஞ்சிடுமா?"

"எனக்கு ஒரே தடவல்ல தெரிஞ்சுது. அவர் வருஷா வருஷம் இதையேதான் பார்க்கிறார்."

சின்னவள் எழுந்தாள். மேசை முன் போய் நின்று உறையை நீட்டினாள்.

"சார், இதை நான் பிரிச்சுட்டேன்."

எழுத்தர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"எழுதினவங்களே ஆபீஸ் மெயிலுக்கு மறுபடி அனுப்பணும். உன் நம்பர் வர்றதுக்குள்ள. வரலைன்னா முப்பத்திரண்டைக் கூப்பிட்டுடுவேன்."

சொல்லிக்கொண்டே இருபத்தொன்பதைக் கூப்பிட்டார்.

படிக்கட்டு ஓரமாக ஒதுங்கிப் போன் போட்டாள். முதல் தடவை மணி முழுக்க அடித்து ஓய்ந்தது. இரண்டாவது தடவை ஆசிரியை எடுத்தார். உறையைப் பிரித்ததையும், ஆபீஸ் மெயிலுக்கு மறுபடி கடிதம் வேண்டும் என்பதையும் சின்னவள் ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தாள்.

"படிச்சியா?" என்று மட்டும் ஆசிரியை கேட்டார்.

"படிச்சேன் மிஸ்."

"எப்படி இருந்துச்சு?"

"ஒரு வரி மட்டும் தப்பு மிஸ். பொறுமையும் நேர்மையும் உள்ளவள்னு எழுதியிருக்கீங்க."

ஆசிரியை போனை வைத்துவிட்டார்.

முப்பதாம் எண் உள்ளே போய்விட்டது. "பேசினாங்களா? என்ன சொன்னாங்க?" என்று அக்கா துளைத்தாள். "வச்சுட்டாங்கக்கா," என்று சின்னவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

முப்பதாம் எண் வெளியே வரும் நேரத்தில் எழுத்தர் மேசையிலிருந்த பிரிண்டர் உறுமியது. ஒரு தாள் வந்தது. பின்னாலேயே இன்னொன்று. அவர் படித்தார், புருவம் ஏறியது, மறுபடி முதல் வரிக்குப் போனார்.

"சார், என்ன எழுதியிருக்காங்க?"

"இன்னும் உனக்குப் புத்தி வரலையா?" என்றவர், தாள்களைக் கோப்பில் செருகி உள்ளே கொடுத்துவிட்டு வந்தார். "முப்பத்தொன்று. போ."

"போடி," என்று அக்கா முதுகில் தள்ளினாள்.

உள்ளே மூன்று பேர். நடுவில் இருந்த அம்மையார் இரண்டாவது தாளைப் படித்துக்கொண்டிருந்தார். முதல் கடிதம் ஆறே வரி. இது இரண்டு பக்கம். இத்தனை வரிகளில் மிஸ் என்னதான் சொல்லியிருப்பார்?

"உட்காரும்மா," என்றார் அவர், தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே.

சின்னவள் உட்கார்ந்தாள்.