சீயோன் லாட்ஜின் பத்தாவது அறை

ஆனக்கல்மெட்டு சீயோன் லாட்ஜில் இருப்பது ஒன்பது அறைகள். வெளியூர்க்காரர்கள் சாவுக்கு வந்து நின்றால் மட்டும் எத்தனை பேர் வந்தாலும் அறை இருக்கும். மாடி நடையின் கடைசியில், ஒன்பதாம் அறையைத் தாண்டி ஒரு மொட்டைச் சுவர் உண்டு. அந்தச் சுவர் பின்னால் நகர்ந்து கொடுக்கும், பக்கத்துக்கு ஒன்றாகக் கதவுகள் வரும், ஒவ்வொரு கதவிலும் சாவி தொங்கும். ஏலக்காய் வாங்க மலையேறி வரும் போடி வியாபாரிகளுக்கு அந்தக் கதவுகள் வருவதில்லை. கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்கும் வருவதில்லை. டிசம்பர் குளிரைப் பார்க்க வரும் கொச்சிக்காரர்களுக்கு வரவே வராது. வரி போட வந்த பஞ்சாயத்து ஓவர்சியர் ஒரு சாவு சமயத்தில் கட்டடத்தை வெளியே டேப் பிடித்து அளந்தார், உள்ளேயும் அளந்தார். உள்ளே இரண்டு மடங்கு நீளமாக இருந்தது. வெளி அளவுக்குத்தான் வரி என்று சொல்லி, பால் விடாத ஒரு கட்டஞ்சாயா குடித்துவிட்டுப் போனார். புத்தியுள்ள மனுஷன்.

லாட்ஜை நடத்துவது ஊருக்கே அக்காவான ஏலிச்சேட்டத்தி. அவள் புருஷன் பாப்பச்சன் கட்டிய லாட்ஜ் அது. கட்டி முடித்து மூன்றாவது மழைக்காலத்தில் அவன் போய்ச் சேர்ந்துவிட, அவள் கல்லாவில் உட்கார்ந்தாள். அதற்கு அடுத்த வருஷம் எஸ்டேட் சூப்பர்வைசர் ஒருவர் இறந்ததற்குக் குட்டநாட்டிலிருந்து அவருடைய தாயும் கூடப்பிறந்தவர்களும் வந்து இறங்கினார்கள். ஒன்பது அறையிலும் வியாபாரிகள். வெளியே சரியான மழை. அந்த அம்மா படியில் உட்கார்ந்து தலையைத் துவட்டக்கூடத் தோன்றாமல் இருந்தார். பழைய துணி ஏதாவது கிடைக்குமா என்று மாடிக்குப் போன ஏலிச்சேட்டத்தி, மொட்டைச் சுவர் இருந்த இடத்தில் ஒரு கதவைப் பார்த்தாள். திறந்தாள். விரித்த கட்டில், கூஜாவில் தண்ணீர், புதுச் சுண்ணாம்பு வாசனை. "அட, இங்க ஒரு ரூம் கெடக்கே" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தலையணை எடுக்கக் கீழே இறங்கினாள். வேறு யாராக இருந்தாலும் பாதிரியாரைக் கூப்பிட்டிருப்பார்கள், இல்லாவிட்டால் பத்திரிகைக்காரனைக் கூப்பிட்டிருப்பார்கள். அவள் தலையணை தேடினாள். எனக்கு அவள் மேல் இருக்கும் மரியாதை அங்கே ஆரம்பித்தது.

வாடகை வாங்காமல் விடுவதில்லை. தோட்டத்தில் களை பறிக்கிறவன்கூடக் கடன் வாங்காமல் கொடுக்கக்கூடிய ஒரு தொகையை வைத்தாள், அதோடு சரி. ஓசியில் தங்கினால் மனுஷனுக்கு நிம்மதியாக அழ வராது, யாராவது பார்க்கிறார்களா என்று அடக்கிக்கொள்வான் என்பது அவள் கணக்கு. மேலே வளைவில் வந்திருக்கும் புது ரிசார்ட்டில் பனி இறங்கினால் ஒரு விலை, விலகினால் ஒரு விலை. சாவுக்கு வந்திருக்கிறோம் என்றால் அங்கே எத்தனை பெரியவர்கள், எத்தனை குழந்தைகள், காலைப் பலகாரம் வேண்டுமா என்று கேட்பார்கள். ஆகவே சாவு வீட்டுக்காரர்கள் எல்லோரும், லட்சாதிபதி முதல் கூலிக்காரன் வரை, சீயோனுக்கே வந்தார்கள். கம்பத்திலிருந்து வந்த தமிழ்க் குடும்பமும் பாலாவிலிருந்து வந்த சிரியன் கிறிஸ்தவக் குடும்பமும் ஒரே நடையில் பல் தேய்த்தார்கள். அடக்கம் முடிந்து அவர்கள் கிளம்பியதும் சுவர் முன்னால் வந்துவிடும். அறையில் செருப்பை விட்டுவிட்டுப் போனவர்களின் செருப்பு மறுநாள் ஒன்பதாம் அறைக் கட்டிலடியில் கிடைக்கும்.

ஒரு கிறிஸ்துமஸ் சீசனில் எங்கும் இடம் கிடைக்காத நான்கு கொச்சிப் பையன்கள், சாவுக்கு வந்திருக்கிறோம் என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கேட்டார்கள். "மேல போய்ப் பாருங்க மக்களே, கதவு இருந்தா எடுத்துக்கோங்க" என்றாள் ஏலிச்சேட்டத்தி. சிரித்துக்கொண்டே போனார்கள். ஒரே ஒரு கதவு இருந்தது. அதில் ஒருவனுக்கு ரொம்ப நாளாகப் போய்ப் பார்க்காத தாய்மாமா எங்கள் ஊர்ச் சர்ச்சுக்குப் பின்னால் மிளகுத் தோட்டத்தில் இருந்தார். சாயா வருவதற்குள் சர்ச்சில் சாவு மணி அடித்துவிட்டது. மணிக்கு முன்னால் சீயோனில் கதவு வரும் என்பது அன்றைக்கு ஊருக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு அந்த நடைப் பக்கம் சும்மா எட்டிப்பார்க்க யாருக்கும் துணிச்சல் இல்லை.

கொச்சுவர்க்கி நோயில் படுத்தது இதற்கெல்லாம் வெகு பிந்தி. காடு வெட்டி இந்த மலையில் முதலில் மிளகு நட்டவர்களில் ஒருவர். பிள்ளைகள் அப்பனைச் சாச்சன் என்று கூப்பிட, ஊருக்கும் அவர் சாச்சன். ஞாயிற்றுக்கிழமை தாண்டாது என்று டாக்டர் கையை விரித்ததும், கடைசி மகன் சாபு உலகம் முழுக்கப் போன் போட்டான். அயர்லாந்தில் நர்ஸாக இருக்கும் மகள் லிசம்மா குடும்பத்தோடு வந்தாள். பாலாவிலிருந்து சித்தப்பன்மார் டாக்ஸி பிடித்து வந்தார்கள். மஸ்கட்டில் ஏசி மெக்கானிக்காக இருக்கும் நடு மகன் மோனிச்சன் வந்தான். வீட்டில் தங்க வழியில்லை. பழைய வீட்டை இடித்து மாடி வீடு எழுப்புகிறேன் என்று சாபு ஆரம்பித்து, முன்னறைக்கும் அடுக்களைக்கும் மட்டும் கூரை போட்டிருந்தான். முன்னறையில் சாச்சன் கிடந்தார். ஆகவே எல்லோரும் பெட்டி படுக்கையோடு சீயோனுக்கு வந்தார்கள்.

ஏலிச்சேட்டத்தி மாடிக்குப் போய்ப் பார்த்தாள். சுவர் சுவராகவே இருந்தது. இறங்கி வந்து, "ஒம்பது ரூம்தான் இருக்கு. நெருக்கி அடிச்சுப் படுத்துக்கோங்க" என்றாள்.

"சேட்டத்தி, நாங்க சாவுக்கு வந்திருக்கோம்" என்றாள் லிசம்மா.

"இல்ல மோளே. நீங்க சாச்சனப் பாக்க வந்திருக்கீங்க."

லிசம்மா பெட்டியின் மேலேயே உட்கார்ந்து சந்தோஷத்தில் அழுதாள். சித்தப்பன்மார் டாக்ஸிக் கூலியைச் சொல்லி முணுமுணுத்தார்கள். மறுநாள் காலையில் சாச்சன் கண்ணைத் திறந்து கப்பைக் கிழங்கும் மத்தி மீன் கறியும் கேட்டார். சாப்பிட்டு முடித்து, ஜங்ஷனில் தனக்கு வைத்திருந்த கண்ணீர் அஞ்சலி பிளக்ஸைப் பற்றி விசாரித்தார். சாபுவின் கூட்டாளிகள் அவசரப்பட்டு ஞாயிற்றுக்கிழமையே கட்டிவிட்டிருந்தார்கள்.

"எந்தப் போட்டோடா போட்ட?"

"ரேஷன் கார்டு போட்டோ, சாச்சா."

"அதுல திருடன் மாதிரி முழிப்பேனேடா. சாகறவனுக்கு ஒரு நல்ல போட்டோ பிடிக்கத் துப்பில்ல, மாடி வீடு கட்டறானாம்."

எல்லோரும் சிரித்தார்கள், மோனிச்சனைத் தவிர. அவன் செய்து வைத்திருந்த காரியம் அவனுக்குத்தான் தெரியும். சாகக் கிடக்கிற அப்பனுக்கு அவன் கம்பெனியில் லீவு கிடையாது, செத்த அப்பனுக்குத்தான் உண்டு. எப்படியும் விமானம் இறங்குவதற்குள் முடிந்துவிடும் என்று நினைத்து, அப்பா இறந்துவிட்டார் என்று சொல்லிப் பத்து நாள் வாங்கி வந்துவிட்டான். இனி உண்மையாகவே இறந்தால் எந்த முகத்தோடு போய்க் கேட்பது? ஒருவனுக்கு அப்பன் ஒருவன்தான் என்பது கம்பெனி சூப்பர்வைசருக்கும் தெரியும். எங்கள் பக்கத்துச் சிரியன் சாவில் பெட்டியை மூடுவதற்கு முன்னால் பிள்ளைகள் வரிசையாக வந்து முகத்தில் கடைசி முத்தம் கொடுப்பார்கள். தாய் இறந்தபோது அந்த முத்தத்தை மோனிச்சன் தவறவிட்டிருந்தான். அப்போது இருந்த கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை. இத்தனை வருஷத்தில் அதை அவன் யாரிடமும் பேசியதில்லை, யாரும் அவனிடம் பேசவும் இல்லை.

தன் அறையைச் சித்திமார்களுக்குக் கொடுத்துவிட்டு அவன் மாடி நடையின் கடைசியில், மொட்டைச் சுவரை ஒட்டி இருந்த பெஞ்சில் படுத்தான். ஒவ்வொரு நாளும் விடிந்ததும் சுவரைப் பார்த்தான். லீவு பாதி தீர்ந்த ஒரு நாள், யாரும் இல்லை என்று நினைத்து சுவரை விரலால் மெல்லத் தட்டிப் பார்த்தான். தட்டிய பிறகுதான் தான் எதைக் கேட்டுத் தட்டுகிறோம் என்பது உறைத்தது. கையைத் தீயில் வைத்தவனைப் போல எடுத்துக்கொண்டு, முகத்தை மூடி அழுதான். துணி உலர்த்த வந்த ஏலிச்சேட்டத்தி பார்த்துவிட்டாள்.

"அது செவரு, மோனே. செவரா இருக்கிற வரைக்கும் சந்தோஷப்படு."

"சந்தோஷமாத்தான் இருக்கு, சேட்டத்தி. அதுக்குள்ள இன்னொண்ணும் இருக்கு. நான் என்ன பண்ணட்டும்?"

அவள் ஈரத் துணியைப் பெஞ்சில் வைத்துவிட்டு நேரே சாச்சன் வீட்டுக்கு நடந்தாள். அங்கே என்ன பேசினாளோ தெரியாது. மறுநாள் மத்தியானம் சாச்சன் எல்லோரையும் கூப்பிட்டனுப்பினார். வெள்ளை முண்டும் ஜிப்பாவும் போட்டு, முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். லீவு முடிந்து போகிறவர்கள் இப்போதே முத்தத்தைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றார். சர்ச்சுப் பாதிரியாரான விகாரியச்சன், இதற்குச் சபையில் முறை இல்லை என்று சொல்லி வெளியே ஜல்லிக் குவியல் பக்கம் நின்றுகொண்டார். ஆனாலும் வீட்டுக்குப் போகவில்லை. வயது வரிசைப்படி ஒவ்வொருவராக வந்து நெற்றியில் முத்தமிட்டார்கள். சாச்சன் சும்மா இருக்கவில்லை. "நீ காலையிலேயே ஊத்திக்கிட்டுத்தான் வந்திருக்க" என்றார் ஒரு தம்பியிடம். "தாடிய எடுடா, குத்துது" என்றார் பேரனிடம். லிசம்மா வந்ததும் அவள் உச்சியில் கையை வைத்துக்கொண்டிருந்தார். நான் எத்தனையோ அடக்கங்களுக்குப் போயிருக்கிறேன். இறந்தவர் பதில் சொன்ன ஒரே அடக்கம் அதுதான், அதைவிட அழகான ஒன்றை நான் பார்த்ததில்லை.

தன் முறை வந்தபோது விலகி நின்ற மோனிச்சன் கடைசியாக வந்தான். முத்தமிட்டு நிமிர முடியவில்லை, அவர் அவன் சட்டைக் காலரைப் பிடித்திருந்தார்.

"இது போதும்டா. பெட்டிக்குள்ள கிடக்கும்போது நீ வந்தாலும் வராட்டாலும் எனக்குத் தெரியவா போகுது?"

"எனக்குத் தெரியும், சாச்சா."

அவர் பிடியை விட்டார். அன்றைக்கும் அடுத்த நாளுமாக எல்லோரும் ஊர் திரும்பினார்கள். ஏலக்காய் ஏலம் வந்துவிட்டதால் ஒன்பது அறையிலும் போடி வியாபாரிகள் ஏறிக்கொண்டார்கள். அதற்கு மறுநாள் காலை மோனிச்சனைக் கூட்டிப்போக ஜீப் வந்து நின்றது, சாயங்காலம் கொச்சி நெடும்பாசேரியில் விமானம். பெட்டியை ஜீப்பில் ஏற்றிவிட்டு, பெஞ்சில் மறந்த போர்வையை எடுக்க ஏலிச்சேட்டத்தியை அனுப்பினான்.

போனவள் கொஞ்சம் தாமதமாகத்தான் இறங்கினாள். மேலே சுவர் இல்லை. நடை நீண்டு வளைந்து போயிற்று, இரண்டு பக்கமும் கதவுகள். அயர்லாந்திலிருந்தும் பாலாவிலிருந்தும் திரும்பி வரப்போகிற அத்தனை பேருக்கும் இடம் இருந்தது. அவள் அங்கேயே முட்டி போட்டு ஒரு சின்ன ஜெபம் சொன்னாள். பிறகு முதல் கதவிலிருந்து சாவியை உருவிக்கொண்டு வந்து, போர்வைக்குப் பதிலாக அதை மோனிச்சன் கையில் வைத்தாள். சாவியில் பத்து என்று இருந்தது.

அவன் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். ஜீப்காரர் எங்கள் ஊர்க்காரர், பெட்டியைத் திரும்ப இறக்கி வைத்தார். மோனிச்சன் கம்பெனிக்குப் போன் செய்து, சாவு இன்னும் முடியவில்லை, வர முடியாது என்றான். இத்தனை நாளாக என்னய்யா சாவு என்று அந்தப் பக்கம் கத்தினார்கள். "பெரிய குடும்பம், சார்" என்று சொல்லி வைத்துவிட்டான்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு நடந்தான். சாச்சன் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார், சாபு கால் பிடித்துக்கொண்டிருந்தான்.

"என்னடா, போகலயா?"

மோனிச்சன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"சீயோன்ல ரூம் கெடச்சிருச்சு, சாச்சா."

சாபுவின் கை அப்படியே நின்றுவிட்டது. சாச்சன் மகனை ஏற இறங்கப் பார்த்தார்.

"காத்து வர்ற ரூம்தானே?"

"நல்லா வருது."

"அப்ப சரி" என்றார் சாச்சன், அவனுக்கும் சேர்த்துக் கஞ்சி வைக்கச் சொன்னார்.